காசநோயாளிகளுக்கான ஊட்டச்சத்து உதவித்தொகை: மாதம் 1,000 ரூபாய் பெறுவது எப்படி?

காசநோய்க்கான மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஆனால், நலிந்த உடல் தேற மருந்துடன் உணவும் வேண்டும். கல்வராயன் மலைக் கிராமங்களில் கூலி வேலை செய்பவர் நோயுற்றால், வருமானமும் உணவும் சேர்ந்தே குறைகின்றன. இதற்காக 2018 ஏப்ரல் முதல் நிக்‌ஷய் போஷன் யோஜனா திட்டத்தின்கீழ் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டது. 2024 நவம்பர் 1 முதல் இத்தொகை 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது.

உணவு ஏன் முக்கியம்?

ஜார்க்கண்டில் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வில், நோயாளியின் குடும்பத்தினருக்கும் கூடுதல் உணவுப்பொருள்கள் வழங்கப்பட்டன. அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. சிகிச்சையின் முதல் 2 மாதங்களில் எடை கூடிய நோயாளிகளிடம் இறப்பும் குறைவாக இருந்தது.

யாருக்குக் கிடைக்கும்?

நிக்‌ஷய் இணையத்தில் பதிவு செய்யப்பட்ட அனைத்துக் காசநோயாளிகளுக்கும் கிடைக்கும். தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெறுவோருக்கும் உண்டு. 6 மாதச் சிகிச்சைக்கு மொத்தம் 6,000 ரூபாய். நோய் கண்டறியப்பட்டதும் 3,000 ரூபாயும், 84 நாள் சிகிச்சை முடிந்தபின் 3,000 ரூபாயும் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.
• நெடுநாள் பயன்படுத்தாத கணக்கு முடங்கியிருக்கலாம். வங்கியில் உறுதிசெய்யுங்கள்.
• தொகை வரவில்லையெனில் காத்திருக்காமல் சுகாதாரப் பணியாளரிடமோ 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணிலோ தெரிவியுங்கள்.
• வேலைக்காக வெளியூர் செல்வதானால் முன்கூட்டியே கூறுங்கள். சிகிச்சையை அவ்வூருக்கு மாற்றித் தருவர்.

எதை வாங்கலாம்?

புரதம் மிகுந்த உணவுக்கு முன்னுரிமை கொடுங்கள்: முட்டை, பருப்பு, நிலக்கடலை, பால். மலையில் விளையும் சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றையும் கீரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நியாயவிலைக் கடையில் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அந்தியோதயா அட்டைதாரர்களுக்கு மாதம் 35 கிலோ அரிசி உண்டு. இவற்றைத் தவறாமல் வாங்கினால், உதவித்தொகையை முட்டைக்கும் பாலுக்கும் செலவிடலாம்.

பராமரிப்பாளர்கள் கவனத்திற்கு

மாதந்தோறும் நோயாளியின் எடையைப் பார்த்துக் குறித்து வையுங்கள். எடை குறைந்தாலும், மூச்சு வாங்கினாலும், கால் வீங்கினாலும், எழுந்து நிற்க முடியாமற்போனாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். பசி திரும்பி உடல் தேறியதும் நோய் நீங்கிவிட்டதாக எண்ணி மருந்தை நிறுத்தாதீர்கள். மருத்துவர் கூறும் நாள்வரை மருந்து தொடர வேண்டும்.