கம்பம் முதல் ஸ்விட்ச் வரை – 7: சூடு அறியும் மீட்டர்

மீட்டர் டெர்மினல் கருகிப்போன வீட்டுக்கு வரும் எலெக்ட்ரீஷியன், மூடியைக் கழற்றியதும் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: “லூஸ் கான்டாக்ட்.”

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரமோ பாலக்கோடோ, கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் பெரும்பாலும் அலுமினியம். அதன்மேல் படியும் ஆக்ஸைடு மின்சாரத்தைக் கடத்தாது. மோட்டார் ஓடும்போது கம்பி சூடாகி விரியும், நின்றதும் சுருங்கும். வருஷக்கணக்கில் இப்படியே நடந்தால் ஸ்க்ரூவின் பிடி தளர்ந்துவிடும்.

தளர்ந்த அந்த இணைப்பில் 0.1 ஓம் தடை கூடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஃபேனும் டிவியும் மட்டும் ஓடி 1 ஆம்பியர் போகும்போது அங்கே பிறக்கும் சூடு 0.1 வாட், யாருக்கும் தெரியாது. தண்ணீர் மோட்டார், கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் எல்லாம் சேர்ந்து 15 ஆம்பியர் இழுத்தால் அதே இடத்தில் 22.5 வாட். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றை டெர்மினலுக்குள் செருகிவிட்டது போலத்தான். மின்னோட்டம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்காகும் என்பது ஜூல் வகுத்த விதி. ஃப்யூஸோ எம்.சி.பி.யோ இதற்கு அசையாது. 15 ஆம்பியர் அவற்றின் எல்லைக்குள்தானே இருக்கிறது!

ஸ்மார்ட் மீட்டர் இந்தத் தளர்ச்சியை இரண்டு வழிகளில் மோப்பம் பிடிக்கும். சில மாடல்களுக்குள் வெப்ப சென்சார் உண்டு. ஆனால் மே மாத வெயிலில் வெளிச்சுவரில் மாட்டிய பெட்டி தானாகவே சுடும். அதனால் சூட்டை மட்டும் பார்த்தால் போதாது. லோடு ஏறும்போதெல்லாம் சூடும் ஏறினால் இணைப்பில் கோளாறு. லோடே இல்லாமல் உச்சிவேளையில் ஏறினால் அது வெயில்.

இரண்டாவது வழி, வோல்டேஜ். அதே 0.1 ஓமில் 15 ஆம்பியர் போனால் 1.5 வோல்ட் குறையும். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள எல்லா வீடுகளிலும் குறைந்தால் லைனில் லோடு அதிகம். ஒரு வீட்டில் மட்டும், அதுவும் அந்த வீட்டு லோடு ஏறும்போது மட்டும் குறைந்தால், கம்பத்துக்கும் மீட்டருக்கும் இடையே ஏதோ இணைப்பு தளர்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மின் நிறுவனங்கள், பழுதாகும் நியூட்ரல் இணைப்புகளை இப்படித்தான் மீட்டர் தரவுகளிலிருந்து கண்டுபிடிக்கின்றன. ஆனால் மீட்டரைத் தாண்டி அடுப்படி பிளக்கில் உள்ள தளர்ச்சி இந்தக் கணக்கில் சிக்காது.

மீட்டரே எரிந்த கதையும் உண்டு. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா பகுதியில் பெக்கோ மின் நிறுவனம், மீட்டர்கள் அளவுமீறிச் சூடானதால் 2012 ஆகஸ்டில் பொருத்தும் பணியை நிறுத்தியது. கனடாவின் சஸ்காட்சுவானில் 2014இல் அடுத்தடுத்துத் தீப்பிடித்ததால் சுமார் 1,05,000 ஸ்மார்ட் மீட்டர்களைக் கழற்றச்சொல்லி அரசே உத்தரவிட்டது.

தமிழ்நாட்டில் ஸ்மார்ட் மீட்டர்கள் முதலில் பெருமளவில் வந்தது சென்னை தியாகராய நகரில். மற்ற பகுதிகளுக்காக விடப்பட்ட டெண்டரை, விலை அதிகம் என்று மின்வாரியம் 2024 டிசம்பரில் ரத்துசெய்தது. பழைய மீட்டர் உள்ள வீட்டில், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வரும் கணக்கீட்டாளருக்கு யூனிட்தான் தெரியும், சூடு தெரியாது. மீட்டர் பக்கம் பிளாஸ்டிக் கருகும் வாசனையோ, மோட்டார் போட்டதும் லைட் மங்குவதோ தெரிந்தால் மெயினை அணைத்துவிட்டு, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணை அழைக்கலாம். டெர்மினல் மூடியின் சீலில் மட்டும் கை வைக்கக் கூடாது.

அடுத்த வாரம்: நியூட்ரல் அறுந்தால் டிவி ஏன் எரிகிறது?

(தொடரும்)