மேலே எறிந்த பந்தின்மீது எந்த விசை?

பத்தாம் வகுப்பு இயற்பியலை மீண்டும் படிக்கத் தொடங்கும் மாணவர் பெரும்பாலும் முதலில் செய்வது, வாய்பாடுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதி மனப்பாடம் செய்வதுதான். நிறையை முடுக்கத்தால் பெருக்கினால் விசை, மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் மின்னழுத்த வேறுபாடு என்று ஒரே பக்கத்தில் அடங்கிவிடும் அந்தத் தாள் தேர்வுக்கு ஓரளவு உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பாடம் புரியாமல் போவதற்கு வாய்பாட்டு மறதி அரிதாகவே காரணமாகிறது. தள்ளியும் இழுத்தும் எறிந்தும் விழுந்தும் வளரும் ஒவ்வொரு குழந்தையும் பள்ளிக்கு வருமுன்பே பொருள்கள் எப்படி இயங்குகின்றன என்பதைப் பற்றிச் சில முடிவுகளுக்கு வந்துவிடுகிறது. அம்முடிவுகள் அன்றாட வாழ்க்கைக்குப் போதுமானவை என்பதால், பாடநூலின் விதிகளைக் கற்ற பிறகும் அவை மனத்தை விட்டு அகல்வதில்லை. ஆகவே, அந்தப் பழைய முடிவுகளை வெளியே எடுத்துப் பாடத்தோடு மோதவிடாத மீள்பார்வை, எத்தனை முறை நிகழ்ந்தாலும், முன்பு புரியாததைப் புரியவைக்காது.

இதைச் சோதித்துப் பார்க்க ஓர் எளிய கேள்வி போதும். ஒரு பந்து நேர் மேலாக எறியப்பட்டு, கையை விட்டுப் பிரிந்து, இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது; அந்த நேரத்தில் அதன்மீது செயல்படும் விசைகள் எவை? காற்றின் தடையைப் புறக்கணித்தால், புவியின் ஈர்ப்பு விசை ஒன்றுதான், அதுவும் கீழ்நோக்கியே செயல்படுகிறது என்பது விடை. ஆனால் பந்து மேலே போகிறது என்றால் அதை மேலே தள்ளும் ஏதோ ஒன்று அதற்குள் இருக்க வேண்டும், ஈர்ப்பு அதை மெல்ல மெல்ல வென்றுவிடுகிறது என்றே மனம் சொல்கிறது. சுண்டிவிடப்பட்ட நாணயத்தைப் பற்றி இதே கேள்வியை அமெரிக்கப் பொறியியல் மாணவர்களிடம் கேட்டு, ஜான் கிளெமென்ட் என்னும் ஆய்வாளர் 1982ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலோர் மேல்நோக்கிய விசை ஒன்றையும் படத்தில் வரைந்திருந்தது தெரியவந்தது. எண்களைக் கொண்டு பார்த்தால் குழப்பம் தெளிகிறது. வினாடிக்கு 19.6 மீட்டர் திசைவேகத்தில் எறியப்படும் பந்தின் திசைவேகம் ஒரு வினாடிக்குப் பின் 9.8 ஆகவும், இரண்டு வினாடிகளுக்குப் பின் சுழியாகவும், மூன்றாவது வினாடியின் முடிவில் கீழ்நோக்கி 9.8 ஆகவும் அமைகிறது. ஏறும்போதும், உச்சியில் ஒரு கணம் நிற்கும்போதும், இறங்கும்போதும் அது ஒரே சீராக மாறிக்கொண்டிருக்கிறது. திசைவேகம் மாறும் வீதமே முடுக்கம் என்பதால், உச்சியில் திசைவேகம் சுழியாக இருந்தாலும் முடுக்கம் சுழியாவதில்லை. கை கொடுத்தது திசைவேகத்தை. கையின் விசையோ பந்து பிரிந்த கணத்திலேயே முடிந்துவிட்டது.

இந்தத் தவறுக்கு மாணவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை, ஏனெனில் இதற்கு மிக மதிப்புக்குரிய வரலாறு உண்டு. கி.மு. நான்காம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில், எறியப்பட்ட பொருளைச் சுற்றியுள்ள காற்றே அதைத் தொடர்ந்து தள்ளுகிறது என்றார். கி.பி. ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் பிலோப்போனஸ் அதை மறுத்து, எறிபவர் பொருளுக்குள் ஓர் ஆற்றலைப் பதித்துவிடுகிறார் என்றார். பதினான்காம் நூற்றாண்டில் பாரிசின் பூரிதான் அக்கருத்தை மேலும் வளர்த்து அதற்கு இம்பீட்டஸ் என்று பெயரிட்டார். இன்றைய மாணவர் பந்துக்குள் இருப்பதாக நினைக்கும் மேல்நோக்கிய விசை ஏறத்தாழ அந்த இம்பீட்டஸ்தான். கலிலியோ 1638ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் சாய்தளங்களில் பந்துகளை உருட்டிக் கண்டறிந்தவற்றை விளக்கியதற்கும், நியூட்டன் 1687ஆம் ஆண்டு தம் மூன்று விதிகளை வெளியிட்டதற்கும் பின்னரே, இயங்கிக்கொண்டிருப்பதற்கு விசை வேண்டியதில்லை, இயக்கத்தை மாற்றுவதற்கே விசை வேண்டும் என்னும் எண்ணம் நிலைபெற்றது. இரண்டாயிரம் ஆண்டுகள் எடுத்துக்கொண்ட ஒரு மாற்றத்தை இரண்டு வாரப் பாடவேளையில் முடித்துவிடலாம் என்று பாடத்திட்டங்கள் எதிர்பார்ப்பதுதான் சற்று வியப்பானது.

இந்நிலை பள்ளிகளோடு முடிவதில்லை. டேவிட் ஹெஸ்டனசும் அவருடைய சகாக்களும் 1992ஆம் ஆண்டு, கணக்கு எதுவும் இல்லாமல் விசை பற்றிய கருத்துகளை மட்டும் சோதிக்கும் 29 கேள்விகள் கொண்ட ஒரு தேர்வை வெளியிட்டார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் மசூர் இத்தகைய கேள்விகளைத் தம் வகுப்பில் கொடுத்தபோது, கடினமான கணக்குகளை எளிதாகத் தீர்த்த மாணவர்களே இவற்றில் தடுமாறினார்கள். வகுப்பில் கற்பித்தபடி விடையளிப்பதா, வழக்கமாகத் தாம் நினைக்கிறபடி விடையளிப்பதா என்று ஒரு மாணவி கேட்டதாக அவர் பதிவு செய்திருக்கிறார்.

நியூட்டனின் முதல் விதியை நம்ப முடியாமல் செய்வது உராய்வு. மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நின்றுவிடுகிறது, ஆகவே ஓடுவதற்கு விசை தேவை என்று அனுபவம் சொல்கிறது. உண்மையில் சமதளச் சாலையில் சீரான வேகத்தில் மிதிப்பவரின் முயற்சி முழுவதும் உராய்வையும் காற்றுத் தடையையும் ஈடுசெய்வதற்கே செலவாகிறது, எல்லா விசைகளையும் கூட்டிக் கிடைக்கும் தொகுபயன் விசை சுழியாகவே இருக்கிறது. உராய்வு இல்லாத இடத்தில் நடப்பதற்கு மங்கள்யான் நல்ல சான்று. 2013 டிசம்பர் தொடக்கத்தில் புவியின் சுற்றுப்பாதையை விட்டு நீங்கி, 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்த அந்த விண்கலத்தின் முதன்மை எஞ்சின், இடைப்பட்ட சுமார் 300 நாள்களும் ஏறத்தாழ முழுக்க ஓய்விலேயே இருந்தது. சூரியனின் ஈர்ப்பு அதன் பாதையை வளைத்தது, சிறிய உந்திகள் அவ்வப்போது பாதையைச் சற்றே திருத்தின. மற்றபடி அதைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்க எதுவும் தேவைப்படவில்லை.

மூன்றாம் விதியோ வேறு வகையில் ஏமாற்றுகிறது: எல்லோருக்கும் அது மனப்பாடம், பலருக்கும் அது புரிவதில்லை. மேசைமேல் உள்ள புத்தகத்தின் எடை கீழ்நோக்கியும், மேசை தரும் தாங்குவிசை மேல்நோக்கியும் செயல்படுகின்றன. இரண்டும் சமம், திசைகள் எதிரெதிர், ஆகவே இவையே விசையும் எதிர்விசையும் என்று எழுதிவிடுவது வகுப்பறையில் மிகுதியாகக் காணப்படும் தவறு. விசையும் எதிர்விசையும் ஒருபோதும் ஒரே பொருளின்மீது செயல்படுவதில்லை. புவி புத்தகத்தை இழுக்கிறது என்றால் அதன் இணை, புத்தகம் புவியை இழுப்பது. மேசை புத்தகத்தைத் தாங்குகிறது என்றால் அதன் இணை, புத்தகம் மேசையை அழுத்துவது. எடையும் தாங்குவிசையும் சமமாக இருப்பது புத்தகம் முடுக்கமின்றி இருப்பதால் மட்டுமே. அதே புத்தகம், ஒரு கிலோகிராம் நிறை கொண்டதாக, மேல்நோக்கி 2 மீ/வி² முடுக்கத்தோடு கிளம்பும் லிஃப்டின் தரையில் இருந்தால், எடை 9.8 நியூட்டனாகவே இருக்க, தாங்குவிசை 11.8 நியூட்டனாக உயர்கிறது. அப்போதும் புத்தகம் தரையை அழுத்தும் விசை சரியாக 11.8 நியூட்டன்தான்; மூன்றாம் விதி எந்த நிலையிலும் தவறுவதில்லை. ஒவ்வொரு விசைக்கும் அருகில் எது எதன்மீது செலுத்துவது என்று எழுதிவிட்டுப் படம் வரையும் பழக்கம் ஒன்றே இந்தக் குழப்பத்தில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும்.

லிஃப்டின் கம்பி அறுந்து அது தடையின்றி விழுந்தால் தாங்குவிசை சுழியாகிவிடும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் வீரர்கள் மிதப்பதற்கும் இதுவே காரணம். அங்கே ஈர்ப்பு இல்லை என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு முடுக்கம் ஏறக்குறைய 8.7 மீ/வி², அதாவது தரையில் உள்ளதில் பத்தில் ஒன்பது பங்கு. நிலையமும் வீரர்களும் புவியைச் சுற்றியபடியே ஒரே முடுக்கத்தில் விழுந்துகொண்டிருப்பதால் ஒன்று மற்றொன்றைத் தாங்குவதில்லை, அவ்வளவே. கனமான பொருளை ஈர்ப்பு அதிகமாக இழுத்தாலும் அதை முடுக்குவதும் அதே அளவு கடினம் என்பதால், காற்றின் தடை இல்லாதபோது எல்லாப் பொருள்களும் ஒரே முடுக்கத்தில் விழுகின்றன. 1971 ஆகஸ்ட் 2 அன்று காற்றில்லாத நிலவில் விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் ஒரே நேரத்தில் கைவிட்ட சுத்தியலும் இறகும் ஒன்றாகவே தரையைத் தொட்டன.

மற்றப் பாடங்களிலும் இத்தகைய முன்முடிவுகள் உண்டு, எண்ணிக்கையில்தான் குறைவு. மின்சுற்றில் மின்னோட்டம் பல்பில் செலவாகிவிடுகிறது என்று நினைப்பவர், தொடரிணைப்பில் உள்ள இரு ஒத்த பல்புகளில் முதலாவது பிரகாசமாக எரியும் என்பார். மாற்றமடைவது ஆற்றல்தான், மின்னோட்டம் இரண்டிலும் ஒன்றே, ஆகவே இரண்டும் ஒரே அளவு எரியும். வெப்பத்தையும் வெப்பநிலையையும் ஒன்றாக்குபவருக்கு உருகும் பனிக்கட்டி நல்ல மறுப்பு: 0 டிகிரி செல்சியசில் உள்ள ஒரு கிலோகிராம் பனிக்கட்டி முழுவதும் உருகச் சுமார் 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும், அதுவரை வெப்பநிலை சற்றும் உயர்வதில்லை, அதே வெப்பத்தை உருகிய நீருக்குக் கொடுத்தால் அது ஏறத்தாழ 80 டிகிரிக்குச் சூடாகிவிடும்.

நாள்கள் குறைவாக இருக்கும்போது இயக்க விதிகளுக்கே மிகுதியான நேரம் ஒதுக்குவது நல்லது, ஏனெனில் அழுத்தம், வேலை, ஆற்றல், திறன் ஆகிய எல்லாமே விசையிலிருந்து கிளைப்பவை. ஒவ்வொரு கணக்கிலும் எண்களைப் பொருத்துமுன் விடை கூடுமா குறையுமா, எத்திசையில் இருக்கும் என்று ஒரு வரியில் ஊகித்து எழுதி, கணக்கு முடிந்தபின் ஒப்பிட வேண்டும். ஊகமும் விடையும் முரண்படும் கணக்குகளைத் தனியே குறித்துவைத்தால், தேர்வுக்கு முந்தைய நாள் வாய்பாட்டுத் தாளைவிட அந்தப் பட்டியலே அதிகம் பயன்படும்.