விண்வெளிக்கு ஆள் தெரிந்தெடுத்தல்

திருப்பதி மாவட்டம் என்றவுடன் திருமலையே எவர்க்கும் நினைவிற்கு வரும். ஆயினும் 2022 ஏப்ரலில் ஆந்திர மாநிலத்து மாவட்டங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது, அதுகாறும் நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஸ்ரீஹரிகோட்டாத் தீவும் இம்மாவட்டத்தில் வந்து சேர்ந்தது. ராக்கெட் புறப்படுமுன் அதன் சிறு மாதிரியை ஏழுமலையான் திருமுன் வைத்து விஞ்ஞானிகள் வழிபடுவது, சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் தமிழ் மக்களுக்குப் பழகிய செய்தி. இந்தியர் சிலரையே இத்தீவிலிருந்து விண்வெளிக்கு அனுப்புவதற்கென வகுக்கப்பட்டது ககன்யான் திட்டம். ஆகவே, அத்தகைய பயணத்திற்கு ஆளைத் தெரிந்தெடுப்பது எங்ஙனம் என்னும் கேள்வி நமக்கும் உரியதாகிவிட்டது. இக்கேள்வி அமெரிக்காவில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தீராத வழக்காக நிற்கிறது.

1959-இல் அமெரிக்கா தெரிந்தெடுத்த முதல் விண்வெளி வீரர் எழுவரும் வெள்ளையர். 1961 செப்டம்பரில், வானொலிச் செய்தியாளராய்ப் புகழ்பெற்றுப் பின் அரசுத் தகவல் துறைக்குத் தலைவரான எட்வர்ட் மர்ரோ, வெள்ளையரல்லாத ஒருவரை விண்வெளிக்கு அனுப்பலாகாதா என்று நாசாவின் தலைவர் ஜேம்ஸ் வெப்புக்கு எழுதினார். கென்னடியின் அரசும் இதில் நாட்டம் காட்டியது. கறுப்பினத்தவரும் விமானப்படைக் காப்டனுமான எட்வர்ட் டுவைட் கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்திற்குப் பயிற்சிக்கு அழைக்கப்பட்டார். அவர் விமானப் பொறியியற் பட்டம் பெற்றவர்.

கதை இரண்டாகப் பிரிவது இங்கேதான். அப்பள்ளியின் தலைவர், ஒலியின் வேகத்தை முதலில் கடந்த விமானியாகிய சக் யேகர். அவர் பயிற்சியாளர்களைக் கூட்டித் தம்மோடு பேசவும் பழகவும் வேண்டாமென்று சொல்லித் தம்மை ஒதுக்கினார் என்பது டுவைட்டின் கூற்று. யேகரோ 1985-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் இதனை மறுத்தார். டுவைட் திறமையில் பின்தங்கியவர், மேலிடத்து வற்புறுத்தலாலேயே வகுப்பில் சேர்க்கப்பட்டார், அவருக்குச் சலுகையே காட்டப்பட்டது என்பது அவர் வாதம். 2020-இல் யேகர் காலமாகும் வரை இருவரும் தத்தம் கூற்றில் உறுதியாக நின்றனர்.

1963 அக்டோபரில் நாசா பதினால்வரை அறிவித்தது. டுவைட்டின் வகுப்புத் தோழர்களான டேவிட் ஸ்காட்டும் தியோடர் ஃப்ரீமனும் அதில் இருந்தனர், டுவைட் இல்லை. அடுத்த மாதம் கென்னடி கொல்லப்பட்டார். 1966-இல் டுவைட் படையை விட்டு விலகிப் பின்னாளில் சிற்பியானார். 1967-இல் விமானப்படையின் விண்வெளித் திட்டத்திற்குத் தேர்வான ராபர்ட் லாரன்ஸ் என்னும் கறுப்பினத்தவர் அவ்வாண்டே விமான விபத்தில் மாண்டார். அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஒருவர், கயன் புளூஃபோர்ட், விண்வெளி சென்றது 1983-இல். கியூபா நாட்டுக் கறுப்பினத்தவரான அர்னால்டோ தமாயோ மெண்டெஸை 1980-இலேயே சோவியத் கலம் ஏற்றிச் சென்றுவிட்டது.

மூடிய அறையில் யேகர் என்ன சொன்னார் என்பதை இனி எவராலும் தீர்க்கவியலாது. அந்த ஓர் அறையையே நோக்கிக்கொண்டிருப்பதில் பயனும் குறைவு என்பது நம் கருத்து. முதல் தேர்வின் விதிகளில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை: சோதனை விமானிப் பள்ளியில் தேறியிருத்தல், 1,500 மணி நேரம் விமானம் ஓட்டியிருத்தல், பட்டம் பெற்றிருத்தல் முதலியனவே கேட்கப்பட்டன. ஆனால் படைகளில் நிறப்பிரிவினையை ஒழிக்கும் ஆணையை ட்ரூமன் பிறப்பித்ததே 1948-இல்தான். பத்தே ஆண்டுகளில் அத்தனை படியும் ஏறிவந்த கறுப்பினத்தார் எத்தனை பேர் இருந்திருக்கக்கூடும்? சல்லடை முன்னரே சலித்து முடித்துவிட்டது. கடைசி மேசையில் அமர்ந்தவர் நடுநிலையாளராகவே இருந்திருந்தாலும் விளைவு பெரிதும் மாறியிராது.

2024 மே 19 அன்று, தம் தொண்ணூறாம் வயதில், டுவைட் தனியார் கலமொன்றில் விண்வெளியின் எல்லையைத் தொட்டுத் திரும்பினார். உடன் சென்ற ஐவருள் ஒருவர் விஜயவாடாவில் பிறந்த கோபி தோட்டகூரா.

அதே ஆண்டு பிப்ரவரி 27 அன்று ககன்யானுக்குரிய நால்வரின் பெயர்கள் வெளியாயின. சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் அவர்களுள் ஒருவர் என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி. நால்வரும் இந்திய விமானப்படையின் சோதனை விமானிகள், நால்வரும் ஆடவர். இங்கே நிறம் குறுக்கே நிற்கவில்லை, விதியிலும் பெண்ணுக்குத் தடையில்லை எனலாம். ஆனால் நம் விமானப்படையில் பெண்கள் போர் விமானம் ஓட்டத் தொடங்கியது 2016-இல். இந்நால்வரும் பயிற்சிக்கென ரஷ்யா சென்றது 2020-இல்.