பின்லாந்து நேட்டோவில் சேர்ந்தது சரியா?

2023 ஏப்ரல் 4 அன்று, மேற்கத்திய ராணுவக் கூட்டணியான நேட்டோவின் 31-வது உறுப்பு நாடானது பின்லாந்து. மக்கள்தொகை சுமார் 55 லட்சம்; ரஷ்யாவுடனான எல்லையோ ஏறத்தாழ 1,340 கி.மீ. பனிப்போர்க் காலம் முழுவதும் எந்த அணியிலும் சேராமல் ஒதுங்கி நின்ற நாடு அது. வல்லரசுக்கு அடுத்த வீட்டில் இருந்துகொண்டு எதிரணியில் சேர்வது பாதுகாப்பா, வம்பை விலைக்கு வாங்குவதா?

1932-ல் சோவியத் ஒன்றியத்துடன் போர் தொடுக்கா ஒப்பந்தம் போட்டிருந்தது பின்லாந்து. 1939 நவம்பர் 30 அன்று அதையும் மீறி சோவியத் படைகள் உள்ளே புகுந்தன. பிரிட்டனும் பிரான்சும் படை அனுப்புவது பற்றிப் பேசிக்கொண்டே இருந்தன. படை வந்து சேரவில்லை. 105 நாள் போரின் முடிவில் நிலப்பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கு பறிபோனது. கரேலியா பகுதியைச் சேர்ந்த 4 லட்சத்துக்கும் அதிகமானோர் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1948-ல் பின்லாந்து மாஸ்கோவுடன் நட்புறவு ஒப்பந்தம் செய்துகொண்டு நடுநிலையைக் கடைப்பிடித்தது. அதற்கும் விலை இருந்தது. 1961-ல் ராணுவ ஆலோசனைக்கு அழைத்து மாஸ்கோ கடிதம் அனுப்பியது. அந்த நெருக்கடியில், அதிபர் கெக்கோனெனை எதிர்த்து நின்ற வேட்பாளர் போட்டியிலிருந்தே விலகினார்.

ஆனால், தன் கையே தனக்கு உதவி என்பதை பின்லாந்து மறக்கவில்லை. பனிப்போர் முடிந்து ஐரோப்பிய நாடுகள் பலவும் கட்டாய ராணுவப் பயிற்சியைக் கைவிட்டபோதும் அது விடவில்லை. போர் என்று வந்தால் 2.8 லட்சம் பேரைத் திரட்ட முடியும். சுமார் 50,000 பதுங்கிடங்களில் 48 லட்சம் பேர் தங்கலாம். ஹெல்சிங்கியின் மெரிஹாகா குடியிருப்புக்கு அடியில், பாறையைக் குடைந்து அமைத்த பதுங்கிடம் ஒன்று இருக்கிறது. இன்று அங்கே குழந்தைகள் விளையாடுகிறார்கள், கார்கள் நிற்கின்றன. அவசரம் என்றால் 72 மணி நேரத்துக்குள் அதைக் காலி செய்து மக்களுக்குத் திறந்துவிட வேண்டும்.

2021 டிசம்பரில், நேட்டோ இனி விரிவடையக் கூடாது என்று நிபந்தனை வைத்தது ரஷ்யா. விரும்பினால் சேரலாம் என்ற உரிமையையே அது பறிப்பதாக பின்லாந்துக்காரர்கள் உணர்ந்தார்கள். இரண்டே மாதத்தில் உக்ரைன் போர் தொடங்கியது. 2022 மே மாதம் நாடாளுமன்றத்தில் நேட்டோவில் சேர விண்ணப்பிப்பதற்கு 188 பேர் ஆதரவாக வாக்களித்தார்கள். எதிர்த்தவர்கள் 8 பேர்.

அணியில் சேர்வதைவிட, பாதி சேர்ந்த நிலைதான் ஆபத்து என்பது என் கருத்து. உக்ரைனும் ஜார்ஜியாவும் ஒருநாள் உறுப்பினராகும் என்று 2008-ல் புக்கரெஸ்ட் மாநாட்டில் நேட்டோ அறிவித்தது, தேதி சொல்லவில்லை. ரஷ்யாவின் கோபம் கிடைத்தது, கூட்டணியின் காவல் கிடைக்கவில்லை. பின்லாந்துக்கோ, விண்ணப்பித்த பிறகான சுமார் 11 மாத இடைவெளியில், பிரிட்டன் முன்கூட்டியே தந்த பாதுகாப்பு உறுதி இருந்தது. ரஷ்யப் படையும் உக்ரைனில் சிக்கியிருந்தது.

நேட்டோ ஒப்பந்தத்தின் 5-வது பிரிவும் தானாக இயங்கும் கவசமல்ல. ஓர் உறுப்பு நாடு தாக்கப்பட்டால், தேவையென்று தான் கருதும் நடவடிக்கையை ஒவ்வொரு நாடும் எடுக்கும் என்றே அது சொல்கிறது. முதல் அடியைத் தாங்க சொந்தப் படை இல்லாத நாட்டுக்கு அந்த வாசகம் போதாது. பின்லாந்திடம் அந்தப் படை இருக்கிறது. அதனால்தான் அதன் முடிவு சரி என்கிறேன்.

சுமை இல்லாமல் இல்லை. 2023 இறுதியில் ரஷ்ய எல்லைச் சாவடிகள் மூடப்பட்டன. ரஷ்ய வாடிக்கையாளர்களை நம்பியிருந்த லப்பேன்ரந்தா போன்ற எல்லை நகரங்களின் வணிகம் அடிவாங்கியது. எல்லைக்கு அப்பால் உறவினர்களைக் கொண்ட குடும்பங்கள் பிரிந்து நிற்கின்றன. நாடு முழுவதற்குமான பாதுகாப்புக்கு இந்தக் கிழக்குப் பகுதி மக்கள் கூடுதலாகக் கொடுக்கும் விலையை ஹெல்சிங்கி அரசு ஈடுகட்டியாக வேண்டும்.