தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி: எந்த ரகம், எந்தக் குழல் அளவு? சட்டம் சொல்வது என்ன?

நெருள்: நவி மும்பையின் நெருள் பகுதியில் 2023 மார்ச் 15 அன்று மாலை, காரில் அமர்ந்திருந்த கட்டுமானத் தொழிலதிபர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தவர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 14 அன்று பாந்த்ராவில் நடிகர் சல்மான் கானின் வீட்டின் முன் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. அதே ஆண்டு அக்டோபர் 12 அன்று மகாராஷ்டிர முன்னாள் அமைச்சர் பாபா சித்திக் பாந்த்ராவில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இத்தகைய சம்பவங்களுக்குப் பின்னர், தற்காப்புக்காக உரிமம் பெற்று ஒரு கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா, அப்படியானால் எந்த ரகம் ஏற்றது என்ற கேள்விகள் தொழில் செய்வோரிடையே எழுவது இயல்பு. எந்த அளவுத் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது என்பதை அமெரிக்காவில் பெரும்பாலும் வாங்குபவரே முடிவு செய்கிறார். இந்தியாவில் அம்முடிவின் பெரும்பகுதியைச் சட்டம் ஏற்கெனவே எடுத்துவிட்டது. வாங்குபவர் முடிவு செய்ய வேண்டியது, ஆயுதம் தமக்கு உண்மையிலேயே பாதுகாப்பு அளிக்குமா என்பதையே.

உரிமை அல்ல, அனுமதி

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 23 அன்று வழங்கிய தீர்ப்பில், பொது இடத்தில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லச் சிறப்புத் தேவையை நிரூபிக்க வேண்டும் என்ற நியூயார்க் மாநிலச் சட்டத்தை ரத்து செய்தது. இந்தியாவில் நிலைமை இதற்கு நேர்மாறானது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, உரிமம் இன்றி எவரும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. தேவையை நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரரையே சாரும். உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றை 2023 பிப்ரவரியில் விசாரித்த இந்திய உச்ச நீதிமன்றம், அமெரிக்காவைப் போல இங்கு ஆயுதம் ஏந்துவது அடிப்படை உரிமை அல்ல என்று சுட்டிக்காட்டியது.

மத்திய உள்துறை அமைச்சகத்தின் தரவுகளின்படி, 2016 டிசம்பர் 31 நிலவரப்படி நாட்டில் 33.69 லட்சம் ஆயுத உரிமங்கள் நடைமுறையில் இருந்தன. இவற்றில் 12.77 லட்சம் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தவை. மகாராஷ்டிரத்தில் 84,050, தமிழகத்தில் 22,532 உரிமங்கள் மட்டுமே இருந்தன.

குழல் அளவைத் தீர்மானிப்பது யார்?

'காலிபர்' என்பது துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் அளவு. .32 என்றால் ஓர் அங்குலத்தில் நூறில் 32 பங்கு, அதாவது ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். .22 என்பது ஏறத்தாழ 5.6 மில்லிமீட்டர். நீண்ட குழல் கொண்ட '12 போர்' துப்பாக்கியின் கணக்கு வேறு: ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்றின் விட்டமே அதன் குழல் அளவாகும்.

இந்தியச் சட்டம் துப்பாக்கிகளைத் தடைசெய்யப்பட்ட குழல் அளவு, தடைசெய்யப்படாத குழல் அளவு என இரண்டாகப் பிரிக்கிறது. ராணுவமும் காவல்துறையும் பயன்படுத்தும் தோட்டாக்கள் பொருந்தக்கூடிய ஆயுதங்கள் முதல் வகையில் அடங்கும். 9 மி.மீ. பிஸ்டல், பிரிட்டிஷ் காலப் படைகள் பயன்படுத்திய .38 மற்றும் .455 ரிவால்வர்கள், .303 ரைஃபிள் ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். அரசுக் கிடங்கிலிருந்து திருடப்படும் தோட்டா தனியார் துப்பாக்கியில் பயன்படக் கூடாது என்பதே இப்பிரிவினையின் அடிப்படை.

எனவே, அமெரிக்கர்கள் தற்காப்புக்குப் பரவலாகத் தேர்ந்தெடுக்கும் 9 மி.மீ. பிஸ்டல், இந்தியாவில் சாமானியர் பெறக்கூடிய உரிமத்தின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. அரசு ஆயுதத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்காகத் தயாரிக்கும் கைத்துப்பாக்கிகளில் .32 அளவு முதன்மை பெற்றதற்கு இதுவே காரணம். தடைசெய்யப்பட்ட ஆயுதத்தைச் சட்டவிரோதமாக வைத்திருந்தால் 7 முதல் 14 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். தடைசெய்யப்படாத வகையாயினும், உரிமம் இன்றி வைத்திருப்பவருக்கு 2 முதல் 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு.

சந்தையில் உள்ளவை

கான்பூரில் உள்ள பீரங்கித் தொழிற்சாலை 2014 ஜனவரியில் 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. டைட்டானியம் உலோகக் கலவையாலான இதன் எடை 500 கிராம். அறிமுக விலை ரூ.1,22,360. டெல்லி பாலியல் வன்கொடுமையில் உயிரிழந்த 'நிர்பயா'வை நினைவூட்டும் பெயருடன், பெண்களுக்கான தற்காப்பு ஆயுதம் என விளம்பரப்படுத்தப்பட்டதால் இது விவாதத்துக்கும் உள்ளானது. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை, 250 கிராம் எடையுள்ள 'நிடர்' என்ற .22 ரிவால்வரைத் தயாரித்தது.

ஆயுதத் தொழிற்சாலை வாரியம் 2021 அக்டோபர் 1 அன்று ஏழு பொதுத்துறை நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் ஒன்றான அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் இந்தியா நிறுவனத்தின் கீழ் கான்பூர், இஷாப்பூர் தொழிற்சாலைகளுடன் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் இயங்குகிறது. இந்நிறுவனம் 2023 ஆகஸ்டில் 'பிரபல்' என்ற .32 ரிவால்வரை வெளியிட்டது. அதன் எடை ஏறத்தாழ 700 கிராம். தோட்டா நிரப்பும் சுழல் உருளை பக்கவாட்டில் திறக்கும் வகையில் இது வடிவமைக்கப்பட்டுள்ளது.

ரிவால்வரா, பிஸ்டலா?

ரிவால்வரில் தோட்டாக்கள் சுழல் உருளையில் இருக்கும். இயக்கம் எளிது, ஒரு தோட்டா வெடிக்கத் தவறினால், விசையை மீண்டும் அழுத்தியதும் அடுத்த தோட்டா சுழன்று வரும். பிஸ்டலில் 'மேகசின்' எனப்படும் பெட்டியிலிருந்து தோட்டா தானாக ஏறும். உடலோடு ஒட்டி எடுத்துச் செல்ல இது வசதியானது. ஆனால் மேகசினைக் கழற்றிய பின்னரும் குழலின் அறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கக்கூடும். அதை மறந்து விசையை அழுத்துவது உலகெங்கும் விபத்துகளுக்குக் காரணமாக உள்ளது.

இரண்டும் .32 அளவே ஆனாலும் தோட்டாக்கள் வேறு. ரிவால்வருக்கான .32 தோட்டா நீளமானது, அடிப்பகுதியில் அகன்ற விளிம்பு கொண்டது. பிஸ்டலுக்கான .32 தோட்டா 7.65 மி.மீ. எனவும் குறிப்பிடப்படுகிறது. ஒன்றை மற்றொன்றுக்குப் பதிலாக வாங்கக் கூடாது.

எடையும் கருத வேண்டியது. ஒரே தோட்டாவைச் சுடும்போது, இலகுவான துப்பாக்கியே கையை அதிகம் உதைக்கும். .22 அளவில் உதைப்பு குறைவு. தாக்குபவரை உடனே நிறுத்தும் ஆற்றலும் குறைவு. எந்த அளவாயினும், பதற்றத்தில் நடுங்கும் கைகளால் குறிபார்த்துச் சுடுவதற்கு இடைவிடாத பயிற்சி தேவை.

'மறைத்து எடுத்துச் செல்வது' என்றால்

அமெரிக்காவில் ஆயுதத்தை மறைத்து எடுத்துச் செல்வதற்குப் பல மாநிலங்களில் தனி அனுமதி நடைமுறை உள்ளது. இந்தியாவில் மறைத்து எடுத்துச் செல்வதே விதி. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்குரிய உறையிலோ பையிலோ வைத்து, முழுமையாக மூடிய நிலையில், தமது கட்டுப்பாட்டிலேயே எடுத்துச் செல்ல வேண்டும். பொது இடத்தில் அதை எடுத்துக் காட்டி மிரட்டுவதும் சுடுவதும் தடை செய்யப்பட்டுள்ளன. கொண்டாட்டங்களில் பிறருக்கு ஆபத்து விளையுமாறு சுடுபவருக்கு 2 ஆண்டு வரை சிறைத்தண்டனை, ரூ.1 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க 2019-ஆம் ஆண்டு சட்டத் திருத்தம் வகை செய்கிறது.

உரிமம் எந்த எல்லைக்குள் செல்லும் என்பது அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். மகாராஷ்டிரத்துக்குள் மட்டும் செல்லத்தக்க உரிமத்துடன் ஒருவர் தாராவியிலிருந்து திருநெல்வேலிக்குத் துப்பாக்கியுடன் பயணம் செய்தால், அது விதிமீறலாகும். விமானப் பயணத்தில் ஆயுதத்தை முன்கூட்டியே அறிவித்து, தோட்டாக்கள் நீக்கப்பட்ட நிலையில் ஒப்படைக்க வேண்டும்; கைப்பையில் கொண்டு செல்ல முடியாது. தேர்தல் காலங்களில் ஆய்வுக் குழுவின் முடிவுப்படி ஆயுதத்தைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் உத்தரவும் வரக்கூடும்.

விண்ணப்பிக்கும் முறை

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வசிப்போருக்கு மும்பை மாநகரக் காவல் ஆணையரும், நெருள்வாசிகளுக்கு நவி மும்பை காவல் ஆணையரும் உரிமம் வழங்கும் அதிகாரிகள். ஆணையரகம் இல்லாத மாவட்டங்களில் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பதாரர் 21 வயது நிறைவடைந்தவராக இருக்க வேண்டும். காவல் நிலையம் அவரது பின்னணியை விசாரித்து அறிக்கை அளிக்கும். துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்றிதழும் அவசியம்.

போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது என்று சட்டத்தின் 14-ஆவது பிரிவு கூறுகிறது. நிராகரிப்புக்கு எதிராக மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு. உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஒவ்வோர் உரிமத்துக்கும் தேசியத் தரவுத்தளத்தில் தனித்த அடையாள எண் இருக்க வேண்டும்.

எப்போது சுடலாம்?

உரிமம் இருப்பதால் சுடும் உரிமை வந்துவிடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையை வரையறுக்கின்றன. தேவைக்கு மேல் தீங்கு விளைவிக்கக் கூடாது என்பதும், காவல்துறையின் உதவியை நாட அவகாசம் இருந்தால் இவ்வுரிமை பொருந்தாது என்பதும் 37-ஆவது பிரிவின் சாரம். மரணம் அல்லது கொடுங்காயம் நேரும் என்ற நியாயமான அச்சம், பாலியல் வன்கொடுமை, கடத்தல் போன்ற சூழல்களில் மட்டுமே எதிராளியின் உயிரைப் பறிக்கும் அளவுக்கு இவ்வுரிமை நீள்கிறது. ஓடிவிட்ட திருடனின் முதுகில் சுட்டவர், தற்காப்பு என்று வாதிடுவது கடினம்.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்து

நடிகர் கோவிந்தா 2024 அக்டோபர் 1 அன்று அதிகாலை, மும்பை ஜுஹூவில் உள்ள தமது வீட்டில், தமது உரிமம் பெற்ற ரிவால்வரிலிருந்து வெளிப்பட்ட தோட்டா காலில் பாய்ந்து காயமடைந்தார். பயணம் புறப்படும் முன் ரிவால்வரை எடுத்து வைக்கும்போது அது கைதவறி விழுந்து வெடித்ததாக அவரது மேலாளர் தெரிவித்தார். பழைய வகை ரிவால்வர்களில், விசையை அழுத்தாதபோது தோட்டாவின் மீது அடி விழாமல் தடுக்கும் உள்தடுப்பு இருப்பதில்லை. அவை கீழே விழுந்தாலே வெடிக்கக்கூடும். வாங்கும்போது குழல் அளவைக் கேட்பதற்கு முன் இத்தடுப்பு உள்ளதா என்று கேட்பது நல்லது.

ஆயுதம் பிறர் கைக்குச் செல்வது மற்றோர் ஆபத்து. 2024 பிப்ரவரி 8 அன்று மும்பை தஹிசரில் முன்னாள் மாநகராட்சி உறுப்பினர் அபிஷேக் கோசால்கர், இணைய நேரலையின்போது சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் பயன்படுத்தியது அவரது மெய்க்காவலரின் பெயரில் உரிமம் பெற்ற துப்பாக்கி எனக் காவல்துறை தெரிவித்தது.

கலிஃபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சம் பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2020-இல் வெளியானது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள், வைத்திராத ஆண்களைவிடத் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் வாய்ப்பு ஏறத்தாழ 8 மடங்கு அதிகம் என்றும், பெண்களிடையே இது 35 மடங்கு என்றும் அது கண்டறிந்தது. குடும்பத்தில் எவரேனும் கடும் மனச்சோர்வில் இருந்தால், வீட்டில் துப்பாக்கி வைக்காதிருப்பதே பாதுகாப்பு.

துப்பாக்கி வைத்திருக்க முடிவு செய்பவர், தோட்டாக்களை நீக்கிய நிலையில் அதை எஃகுப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும். தோட்டாக்களை வேறிடத்தில் பூட்டி வைப்பது நல்லது. சாவி இருக்குமிடம் குழந்தைகளுக்குத் தெரியக் கூடாது.

நெருக்கமான நகரில் ஒரு தோட்டா

கைத்துப்பாக்கிகளின் செயல்திறன் தொலைவாக விளம்பரங்களில் கூறப்படுவது, குறிதவறாமல் சுடக்கூடிய தூரத்தையே. தோட்டா அங்கேயே நின்றுவிடாது. தாராவியின் சந்துகளில் தகரத்தாலும் பலகையாலும் ஆன சுவர்களை .32 தோட்டா துளைக்கக்கூடும். குறி தவறினால் அடுத்த வீட்டில் உறங்குபவர் மீது பாயலாம். நெரிசல் மிக்க புறநகர் ரயில் நிலையத்திலும் இதே நிலைதான். அதற்கான சட்டப் பொறுப்பு சுட்டவரையே சாரும்.

நெருளில் கொல்லப்பட்டவர் காரில் அமர்ந்திருந்தபோது தாக்கப்பட்டார். பாபா சித்திக்குக்குக் காவல்துறைப் பாதுகாப்பு அளிக்கப்பட்டிருந்தது. சல்மான் கானுக்கு 2022 ஆகஸ்டில் மும்பை காவல்துறை துப்பாக்கி உரிமம் வழங்கியிருந்தும், அவரது வீட்டின் முன் சூடு நடந்தது. திட்டமிட்டுப் பின்தொடர்ந்து வரும் தாக்குதலில், உறையிலுள்ள துப்பாக்கியை எடுக்கும் அவகாசம் கிடைப்பது அரிது. மிரட்டல் வந்தவுடன் எழுத்துமூலம் புகார் அளிப்பது, அன்றாடப் பயண நேரத்தையும் வழியையும் மாற்றுவது, கண்காணிப்புக் கேமரா பொருத்துவது ஆகியவை தாக்குதலுக்கு முன்பே பயன் தருபவை. மிளகுத் தெளிப்பானுக்கு உரிமம் தேவையில்லை. அவசர உதவிக்கு நாடு முழுவதும் 112 என்ற எண்ணை அழைக்கலாம்.