சான் மார்சானோ: ஒரு ஹெக்டேருக்கு 125 கிராம் விதை

இத்தாலியில் வெசூவியஸ் எரிமலையை ஒட்டிய சார்னோ ஆற்றுச் சமவெளியில் விளையும் சான் மார்சானோ தக்காளிக்கு 1996இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. அதன் விதிமுறையே பாதிக் கணக்கைப் போட்டுத் தந்துவிடுகிறது. வரிசைக்கு வரிசை குறைந்தது 110 செ.மீ., செடிக்குச் செடி 40 செ.மீ. இடைவெளி வேண்டும். அதாவது செடிக்கு 0.44 சதுர மீட்டர். ஹெக்டேருக்குச் சுமார் 22,700 செடிகள். மகசூல் 80 டன்னைத் தாண்டக் கூடாது. வகுத்தால் செடிக்கு மூன்றரை கிலோ. விளைச்சலுக்கு உச்சவரம்பு என்றால் நமக்கு விநோதமாகத்தான் இருக்கும்.

பெரிய செலவு கூலிதான். கொடிபோல் உயரும் செடிக்குக் கம்பு நட்டு, கம்பி இழுத்துக் கட்ட வேண்டும். பழம் ஒரே நாளில் பழுக்காது. பல தடவை கையால் பறிக்க வேண்டும். 1970, 80களில் வைரஸ் நோயும், இயந்திரத்தால் அறுக்கத் தோதான கலப்பின ரகங்களும் சேர்ந்து இதைக் கிட்டத்தட்ட ஒழித்தேவிட்டன.

விதைச் செலவோ அற்பம். கிராமுக்கு 300 விதை, முளைப்பு 70 சதவீதம் (நம் நாட்டுச் சான்று விதைக்கான குறைந்தபட்சமும் இதுவே) என்று வைத்தால், 125 கிராமில் 26,250 நாற்று. அழுகிப் போகும் நாற்றைக் கழித்தாலும் ஒரு ஹெக்டேருக்குப் போதும். இந்த ரகத்தில் சதை அதிகம், விதை குறைவு. கிலோவுக்கு 2 கிராம் என்று இறுக்கியே போடலாம். அப்படியானால் 125 கிராமுக்கு வேண்டியது 62.5 கிலோ பழம், அதாவது 18 செடிகளின் காய்ப்பு. மொத்த மகசூலில் 0.08 சதவீதம். அதுவும் நஷ்டமில்லை: வழித்தெடுப்பது விதையும் கொழகொழப்பும் மட்டுமே, சதை அடுப்புக்குப் போகிறது. 4 பிரிக்ஸ் (கரைந்த திடப்பொருள் 4 சதவீதம்) சாற்றை, கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தரம் கேட்கும் 24 சதவீத விழுதாகக் காய்ச்சினால் ஆறு கிலோவுக்கு ஒரு கிலோ தேறும்.

எந்த 18 செடி என்பதில்தான் சாமர்த்தியம். ஒற்றைப் பெரிய பழத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. செடியைப் பார்க்க வேண்டும். நுனி அழுகல் வந்த செடியைத் தொடவே வேண்டாம், நீண்ட பழ ரகங்களில் அது அதிகம். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால், இந்தியச் சான்று விதைக்கு வேற்று ரகத்திலிருந்து 25 மீட்டர் விலகல் போதும்.

வழித்த கூழைக் கொஞ்சம் தண்ணீரோடு இரண்டு மூன்று நாள் புளிக்க விட்டால் மேலே வெள்ளை ஆடை படரும், விதையைச் சுற்றிய சவ்வு கழன்றுவிடும். நல்ல விதை அடியில் தங்கும். மூன்று நாளுக்கு மேல் விட்டால் விதை கூழுக்குள்ளேயே முளைவிட்டுவிடும். வடிகட்டியில் அலசித் தட்டில் பரப்ப வேண்டும். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். நிழலில் காய்ந்து ஈரப்பதம் 8 சதவீதத்துக்கு வந்தால் துணிப்பையில் வைக்கலாம். காற்றுப் புகாத டப்பாவில் அடைப்பதானால் 6 சதவீதத்துக்கு இறக்கியாக வேண்டும்.