கொழும்புக்குப் போன கோவை

சென்ற வாடைக்காலத்தில் ஒரு மாலை, உடப்புக் கடற்கரையில் நாம் உலாவிக்கொண்டிருந்தோம். வலை காயும் மணலில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் எம்மை அழைத்தார். கைகலப்பொன்றில் மகனைப் பறிகொடுத்தவர் அவர்.

“மாஸ்டர், பொலிஸார் ஆளைப் பிடித்தார்கள். நாங்களும் சாட்சி சொன்னோம். கோவை கொழும்புக்குப் போய்விட்டதாம். இரண்டு வருஷம் ஆகிறது. அங்கே அதை யார் பார்க்கிறார்கள்?”

எளிய வினாதான், ஆயினும் குற்றவியல் நீதியின் உயிர்நாடி அதில் அடங்கியிருக்கிறது அன்றோ!

சிறு குற்றங்களைப் பெரும்பாலும் பொலிஸாரே நீதவான் நீதிமன்றில் நடத்துகின்றனர். கொலை போன்ற பெருங்குற்றங்களிலோ, சாட்சியங்களை எடைபோட்டு மேல் நீதிமன்றில் குற்றப்பத்திரம் தாக்கல் செய்வதா இல்லையா என்று தீர்மானிப்பவர், கொழும்பு புதுக்கடையிலுள்ள சட்டமா அதிபரே. பிடித்தவரே தண்டனைக்கும் வழக்காடினால் சினம் அறிவை மறைக்கலாம். ஆகவேதான் இடையில் நடுநிலையாளர் ஒருவர் வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தும் இவ்வுண்மையை உணர்ந்து, 1986இல் பொலிஸாரிடமிருந்து வேறான வழக்குத்தொடுநர் சேவையை நிறுவியது. அரச சட்டவாதியின் கடமை எப்படியேனும் வெல்வதன்று. உண்மையை மன்றின்முன் வைப்பதே.

ஆனால் அரசுக்கு ஆலோசகராகவும் இருப்பவரே வழக்கும் தொடுக்கலாமா என்ற ஐயமும் பழையதே. 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் இதற்கெனப் பொது வழக்குத்தொடுநர் பணிப்பாளர் பதவியை உருவாக்கிற்று. அது நிலைக்கவில்லை, 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்கீழ் அதிகாரம் சட்டமா அதிபரிடமே இருக்கிறது. தனி அலுவலகம் வேண்டுமென்ற பேச்சு 2025இல் மீண்டும் எழுந்தது.

பதவியின் பெயர் எதுவாயினும், தாமதம் பொல்லாதது. கச்சான் வீசத் தொடங்கினால் எம் மீனவர் கிழக்குக் கரைக்குத் தொழிலுக்குப் போய்விடுவர். சாட்சிகளும் அவர்களோடு போவர். ஆண்டுகள் செல்லச் செல்லக் கண்டது மங்கும். குற்றமற்றவர் சிறையில் வாடவும், குற்றவாளி தப்பவும் அதே தாமதம் வழிவகுக்கும்.

மூதாட்டியிடம் நாம் ஒன்று சொன்னோம்: பாதிக்கப்பட்டோருக்கான 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டப்படி, வழக்கின் நிலையைக் கேட்டறியும் உரிமை உண்டு. அன்றிரவே அவர் சொல்லச் சொல்ல நாம் கடிதம் எழுதினோம். கையெழுத்திடத் தெரியாத அவர், பெருவிரலை மையில் தோய்த்துக் கடிதத்தின் அடியில் பதித்தார்.

“இது போய்ச் சேருமா, மாஸ்டர்?” என்றார்.

புதுக்கடையில் அடுக்கியிருக்கும் ஒவ்வொரு கோவைக்கும் பின்னால் இப்படியொரு பெருவிரல் காத்திருக்கிறது என்பதை அங்குள்ளோர் மறவாதிருப்பாராக.